தாய்மாமன் நாற்காலி

நுரையீரல் மாற்றிய நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற நர்ஸுக்கு இதைவிடக் கௌரவம் வேறென்ன வேண்டும்? வேலையில் இருந்தபோது நான் வாயைத் திறந்தாலே "சிஸ்டர், கொஞ்சம் சுருக்கமா" என்றவர்கள்தான் இப்போது "விரிவா எழுதுங்க மேடம்" என்கிறார்கள். எழுதுகிறேன். மாத்திரை அளவு, ரத்தப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் கருவி இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், உங்கள் செல்போனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

அறுவை சிகிச்சை நடப்பது சென்னையில். ஆளைப் பிழைக்க வைத்து, தையல் பிரித்து, டாக்டர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்து, கைதட்டி ஊருக்கு அனுப்புகிறவரை அவர்கள் பொறுப்பு. அதற்குப் பிறகு அந்த ஆள் உயிரோடு இருக்கப்போகிற காலம் முழுவதும் பெரம்பலூர் கிளையில் இருந்த என் பொறுப்பு. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நோயாளிகள்தான். ஆனால் ஒருவர் ஊருக்கும் இன்னொருவர் ஊருக்கும் நடுவே மூன்று பஸ் மாற வேண்டும்.

"நோயாளிகளின் நீண்டகால வாழ்க்கைத் தரம்" என்று சென்னையில் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார்கள். யாரோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து தயாரித்தது. "மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?" என்று விக்கிரமங்கலத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "எங்க வூட்ல மாடியே இல்லீங்களே" என்றார். மாடி இல்லாததால் மூச்சும் வாங்கவில்லை என்று கணக்காகி, அவருக்கு அந்தக் கேள்வியில் முழு மதிப்பெண் கிடைத்தது. "ஓய்வு நேரத்தில் ஏதாவது விளையாடுகிறீர்களா?" என்றேன். "அவுத்துக்கிட்டு ஓடுற ஆட்டைப் புடிக்க ஓடுறேன், அது சேருமாங்க?" என்றார். சேராது என்று சென்னையிலிருந்து பதில் வந்தது.

இனி குமரவேல் கதைக்கு வருகிறேன். செந்துறைப் பக்கத்து ஆள், நாற்பதைத் தாண்டிய வயது. பெரம்பலூர்ப் பக்கம் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்து, நெஞ்சு முழுக்கக் கல்தூசியை வாங்கி நிரப்பிக்கொண்டவர். சட்டைக்குப் பட்டன் போடுவதற்கே மூச்சு வாங்கிய நிலைமையில், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்துக்கு நடுவிலும் சரி என்று தலையசைத்ததால் இவருக்கு இரண்டு நுரையீரல் கிடைத்தது. எல்லாம் நன்றாக முடிந்தது. கருவியில் இவர் ஊதிக் காட்டிய எண்ணைப் பார்த்து சென்னையில் மகிழ்ந்துபோனார்கள். ஒரு மாநாட்டில் இவர் படத்தைப் பெரிய திரையில் போட்டு, "நமது மிகச் சிறந்த நீண்டகால விளைவு" என்றார்கள். அந்த மிகச் சிறந்த நீண்டகால விளைவு அதே நேரத்தில் செந்துறையில், வலை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தெருவில் போகும் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி வளர்மதியைக் குறை சொல்ல முடியாது. நாம் சொன்னதை அப்படியே கேட்கிற ஒரே ஒரு குடும்பம் அமைந்தால் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அந்த வீட்டில்தான் பார்த்தேன். கூட்டத்தைத் தவிர்க்கச் சொன்னோம், அவர் மனிதர்களையே தவிர்த்துவிட்டார். மண்ணில் வேலை வேண்டாம் என்றோம், அவர் கணவரை வாசல்படி இறங்க விடவில்லை. பச்சையாக எதுவும் சாப்பிட வேண்டாம் என்றோம், அவர் வாழைப்பழத்தை வேக வைத்துக் கொடுத்தார். பார்க்க வருகிறவர்கள் படலுக்கு வெளியே நின்று, ஜன்னலில் குமரவேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தும், "அவரு சாப்புட்டாரா? தூங்குறாரா?" என்று வளர்மதியிடம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

"என்னைப் பத்தி என்கிட்ட யாருமே கேக்க மாட்டேங்கறாங்க சிஸ்டர்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் வளர்மதி, "அவருக்குப் பேசுனா மூச்சு வாங்குங்க" என்றார். மூச்சு வாங்காமல் இருப்பதற்காகத்தான் அவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்தோம் என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குமரவேலுக்கு ஒரே தங்கை, தமிழ்ச்செல்வி. உடையார்பாளையம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாமிக்கே தெரியும். சென்னைக் கேள்வித்தாளுக்கு மட்டும் தெரியாது.

குமரவேல் முறைப்படி பரிசோதனைக்கு வந்தபோது எங்கள் சின்ன டாக்டரிடம் அனுமதி கேட்டார். சின்ன டாக்டர் நல்ல பிள்ளை, படிப்பில் புலி. அவருக்குத் தெரியாத ஆபத்து என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஒரு முட்டையைக் காட்டினால் அதிலிருந்து வரக்கூடிய வியாதிகளை வரிசையாகச் சொல்வார்.

"கூட்டம், தூசி, புகை, சின்னக் குழந்தை. வேண்டவே வேண்டாம். வீடியோ கால்ல பாத்துக்குங்க, இப்ப எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க" என்றார்.

குமரவேல் தன் மடியைப் பார்த்தார். "மடியை எப்படிங்க சார் வீடியோ கால்ல குடுக்கறது?" என்று கேட்டார்.

சின்ன டாக்டர் சிரித்தார். நோயாளி நகைச்சுவையாகப் பேசுகிறார், மனநிலை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். குமரவேல் சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்தேன்.

காது குத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வழக்கமான வீட்டுப் பார்வைக்காக செந்துறை போனேன். அன்றைக்குத் தமிழ்ச்செல்வி அண்ணனுக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தாள். கூடவே செய்தித்தாளில் சுற்றிய பெரிய சமாச்சாரம் ஒன்றையும் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

"அண்ணே, நீ வர முடியாட்டியும் உன் எடத்துல வேற யாரையும் ஒக்கார விடமாட்டேன்" என்றாள். "சித்தப்பா மவனை ஒக்கார வைங்கன்னு எங்க மாமியா தெனமும் சொல்லுது. என் அண்ணன் உசுரோட இருக்கிறப்ப இன்னொருத்தன் மடி எதுக்குன்னு கேட்டுட்டேன்."

சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தாள். உள்ளே கண்ணாடி போட்ட படம். குமரவேலின் கல்யாணப் படத்தில் அவரை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, பின்னால் நீல வானம் போட்டு, ஆள் உயரத்தில் பாதிக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். படத்தைச் சுற்றிச் சந்தன மாலை.

நான் இந்தத் தொழிலில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஆனால் உயிரோடு இருக்கிறவர் படத்துக்குச் சந்தன மாலை போட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வீடியோ கால் பண்ணுங்கன்னு டாக்டர் சொன்னாராமே. எங்க கோயிலு முந்திரிக்காட்டுக்குள்ள இருக்கு, அங்க டவரே எடுக்காதுங்க சிஸ்டர்" என்று தமிழ்ச்செல்வி எனக்கு விளக்கினாள். "அதான் படம். நாற்காலில அண்ணன் படத்த வச்சு, மொறைப்படி மாலையப் போட்டு, பாப்பாவை அதுக்கு முன்னால ஒக்கார வச்சுக் குத்திரலாம்னு. மாலை, கண்ணாடி போட்ட கடைக்காரரே குடுத்தது."

அவள் அதைத் தப்பாகவே நினைக்கவில்லை. அண்ணனுக்கு எவ்வளவு மரியாதை செய்கிறோம் என்ற பெருமைதான் முகத்தில் இருந்தது. வளர்மதி மட்டும் படத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

குமரவேல் படத்தைப் பார்த்தார். நிதானமாகவே கேட்டார். "கடைக்காரன் ஒண்ணும் கேக்கலையா?"

தமிழ்ச்செல்வி செய்தித்தாளை மடித்தாள். அப்புறம், "எப்ப தவறுனாருன்னு கேட்டான்" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு உறைத்துவிட்டது. அழ ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து வளர்மதியின் செல்போனில் மாத்திரை அலாரம் அடித்தது. புது நுரையீரலை உடம்பு அந்நியன் என்று நினைத்துத் தாக்காமல் இருக்க ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மாத்திரை அது. தப்பினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வளர்மதி வழக்கம்போல மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினார்.

குமரவேல் கையை நீட்டவில்லை. படத்தைக் காட்டி, "அவனுக்குக் குடு" என்றார்.

அலாரம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, அதை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"மாத்திரையப் போடுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

"பேசிட்டுப் போடறேன் சிஸ்டர்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மிரட்டுகிற நோயாளிகளை எனக்குப் பிடிக்காது. எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான், அந்த ஆள் மிரட்டவில்லை என்பது எனக்குப் புரிந்தது. வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து, அன்பு மிகுதியில், அவரைப் படமாக்கி மாட்டிவிட்டார்கள். படத்துக்கு எதற்கு மாத்திரை என்று கேட்கிறார். அதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை.

சின்ன டாக்டருக்குப் போன் செய்தேன். பழைய நான்கு ஆபத்துகளையும் அதே வரிசையில் சொன்னார். மாலையில் பூ இருந்தால் அதில் பூஞ்சை இருக்கும் என்று ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தார். "எடுத்துச் சொல்லிப் புரிய வைங்க சிஸ்டர்" என்று முடித்தார். எனக்கே புரியாததை அவருக்கு எப்படிப் புரிய வைப்பேன் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

அடுத்து சென்னையில் எங்கள் பெரிய டாக்டர். குமரவேலுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர். எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"அவருக்கு நுரையீரல் எதுக்கும்மா மாத்தினோம்?"

"மூச்சு விடறதுக்குங்க சார்."

"மூச்சு எதுக்கு விடறாரு?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "தியேட்டர்ல கூப்பிடறாங்க. நீதானே அங்க இருக்க, பாத்து முடிவு பண்ணு" என்று வைத்துவிட்டார். பெரிய மனிதர்கள் இப்படித்தான். பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பதிலை மூன்று பஸ் மாறி வந்தவள்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பயமாக இருந்தது. போகச் சொல்லி அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஒரு குடும்பம் பிள்ளையைப் பறிகொடுத்து நமக்குக் கொடுத்ததை நான் ஒரு காது குத்துக்குப் பலி கொடுத்ததாக ஆகும். போகக் கூடாது என்றால் ஊதும் எண் நன்றாகவே இருக்கும். ஊதுகிற ஆள்தான் இருக்க மாட்டார். சரி என்று ஒரு முடிவுக்கு வந்து உள்ளே போனேன்.

"நான் கூட வரேன்" என்றேன். "வெயில் ஏறுறதுக்கு முன்னால, கூட்டம் சேருறதுக்கு முன்னால முடிச்சிரணும். மாஸ்க்கைக் கழட்டக் கூடாது. பந்தியில ஒக்காரக் கூடாது. பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுனா, காய்ச்சல் இருந்தா, வாசலோட திரும்பிருவோம். பேசக் கூடாது."

குமரவேல் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். தண்ணீர் டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டு, உயிரைப் பிடித்து வைக்கும், கையை ஆட வைக்கும். அவர் நடுங்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையிடம், "பாப்பா கனமா இருக்குமா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது, ஆனால் நான் அழவில்லை, ரத்த அழுத்தம் பார்த்தேன்.

இனி நம் திட்டத்தின் அழகைக் கேளுங்கள். கூட்டத்தைத் தவிர்க்கத்தானே நேரத்தை முன்னால் தள்ளினோம்? "நெஞ்சு மாத்துன ஆளு காலையிலயே வராராம்" என்று செய்தி பரவி, வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் விடிந்ததும் வந்துவிட்டார்கள். நாங்கள் போய் இறங்கியபோது முந்திரிக்காடு கொள்ளாத கூட்டம். குழந்தையைப் பார்க்க வந்தவர்களைவிட நுரையீரலைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். ஒரு பாட்டையா என்னிடம் வந்து, "எந்தப் பக்கத்து நெஞ்சு மாத்துனது?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் என்றதும், பரம திருப்தியோடு போய் மற்றவர்களுக்குச் சொன்னார்.

முதல் காரியமாகக் குழந்தையைத் தூக்கிப் பார்த்தேன். நெற்றி சுடவில்லை, மூக்கு ஒழுகவில்லை, நெஞ்சில் சத்தம் இல்லை. என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. இவ்வளவு ஆரோக்கியமான ஆளை நான் அந்த மாதம் முழுவதும் பார்த்திருக்கவில்லை.

அடுத்து பூசாரி. தூபக்காலில் சாம்பிராணியை அள்ளிப் போடப்போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இன்னிக்குப் பொகை வேணாங்க."

"சாமி கோச்சுக்கும்மா."

"சாமிக்குச் சொந்த நெஞ்சு. இவருக்கு யாரோ குடுத்த நெஞ்சுங்க. நாங்க கெளம்புனதும் எவ்வளவு வேணா போடுங்க."

பூசாரி சாமியைப் பார்த்தார், குமரவேலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூவரில் யாரைப் பகைத்துக்கொள்வது நல்லதல்ல என்று கணக்குப் போட்டவர்போலத் தூபக்காலைக் கீழே வைத்துவிட்டார்.

கூட்டத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க மூச்சுக்காத்து அவருக்கு ஆகாது" என்று தொண்டை வறளக் கத்தினேன். ஒருவர்கூட நகரவில்லை. நகராததோடு, நான் என்ன கத்துகிறேன் என்று கேட்க இன்னும் கிட்டே வந்தார்கள். திரும்பி வண்டியில் ஏற்றிவிடலாமா என்று நான் யோசித்த நேரத்தில் குமரவேல் ஒரு காரியம் செய்தார். மாஸ்க்குக்குள்ளேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நீளமாக, பயங்கரமாக இருமினார்.

கூட்டம் ஒரே பாய்ச்சலில் பின்னால் போனது. நெஞ்சைப் பற்றி விசாரித்த பாட்டையா அடுத்த மரத்துக்கே போய்விட்டார். உண்மையைச் சொல்லி நான் நகர்த்த முடியாத ஜனங்களை அவர் ஒரு பொய் இருமலில் நகர்த்திவிட்டார். நான் பதறிப்போய் முகத்தைப் பார்த்தால், மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் சிரிக்கின்றன. இத்தனை வருஷத்தில் அந்தக் கண் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடுவில் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் படம் உட்கார்ந்திருந்தது. செய்த படத்தை வீணாக்க வேண்டாம் என்று தமிழ்ச்செல்வியின் மாமியார் அதையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டிருந்தார். எல்லோருக்கும் சங்கடம், யார் அதை எடுப்பது என்று தெரியவில்லை. குமரவேல் நேரே அதன் முன்னால் போய் நின்றார்.

"எந்திரிடா. நான் ஒக்காரணும்" என்றார்.

முதலில் சிரித்தது தமிழ்ச்செல்வி. பிறகு கூட்டமே சிரித்தது. வளர்மதி ஓடிப்போய்ப் படத்தை எடுத்து, முகம் தெரியாதபடி திருப்பி மரத்தில் சாய்த்தார். குமரவேல் உட்கார்ந்தார். தங்கையின் புருஷன் ரோஜா மாலையைக் கொண்டுவந்து கழுத்தில் போட்டார். ஐந்தாவது ஆபத்து எனக்கு ஞாபகம் வந்தது.

"போட்டாச்சுல்ல, கழட்டிருங்க" என்றேன்.

"இருக்கட்டும் சிஸ்டர். இதுக்குத்தான வந்தேன்" என்றார். குத்தி முடிக்கும்வரைதான் என்று நான் விட்டுவிட்டேன்.

குழந்தையை மடியில் வைத்தார்கள். அவர் கை நடுங்கியது. பிடி நழுவிவிடுமோ என்று அவர் பயந்தது எனக்குத் தெரிந்தது, தங்கையைத் திரும்பிப் பார்த்தார். தமிழ்ச்செல்வி அவர் கையைப் பிடிக்க வரவில்லை. "நல்லாப் புடிச்சுக்க அண்ணே, துள்ளுவா" என்று மட்டும் சொன்னாள். அவர் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். நடுக்கத்தைக் குழந்தை தாலாட்டு என்று நினைத்ததோ என்னவோ, அவர் நெஞ்சில் சாய்ந்துகொண்டது. யாரோ ஒருவருடைய பிள்ளையின் மூச்சு உள்ளே ஏறி இறங்குகிற அந்த நெஞ்சில் அது காதை வைத்துக்கொண்டிருந்தது.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. இரண்டாவது காதையும் குத்தியபோது கையை வீசி மாமனின் மாஸ்க்கைப் பிடுங்கிக் கீழே இறக்கி, கண்ணீரும் எச்சிலுமாக முகத்தை அவர் கழுத்தில் தேய்த்தது. நான் புது மாஸ்க்கோடு பாய்ந்தேன். பாய்ந்தவள் நின்றேன். அவர் குனிந்து அதன் காதருகில், "முடிஞ்சிருச்சு தாயி, முடிஞ்சிருச்சு, மாமன் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்க்கோடு சொன்னால் அது கேட்காது. அவர் சொல்லி முடித்த பிறகுதான் மாஸ்க்கை மாட்டிவிட்டேன். அந்தச் சில விநாடிகளுக்காக என்னை வேலையிலிருந்து தூக்கியிருந்தால் நான் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன்.

கெடாக்கறி வாசத்துக்கு மட்டும் மூக்கைக் காட்டிவிட்டு, வளர்மதி கட்டிக்கொடுத்த இட்லியைக் காரில் தின்றுகொண்டே அவர் செந்துறை திரும்பினார். அந்த வாரம் காய்ச்சல் இல்லை. மறு வாரமும் இல்லை. நானும் தமிழ்ச்செல்வியும் தினமும் போன் செய்து தொந்தரவு செய்தோம். ஊதும் எண் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வழக்கமான பரிசோதனைக்கு எங்களிடம் வந்தார். எங்கள் மருத்துவமனை முந்திரிக்காடு மாதிரி இல்லை. ஏ.சி. உண்டு, கிருமிநாசினி வாசம் உண்டு, தரையில் முகம் பார்க்கலாம். சின்ன டாக்டர் அன்றைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். "லேசா அலர்ஜி, ஏ.சி.ல இருந்தா வரும்" என்று அவரே தனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டார். தொண்டை கம்மியிருந்ததால் நோயாளிக்குக் கேட்க வேண்டுமே என்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கூட்டத்துக்குப் போவதில் உள்ள ஆபத்துகளைக் குமரவேலுக்கு விரிவாக, கிட்டே உட்கார்ந்து, நெடுநேரம் எடுத்துச் சொன்னார்.

இரண்டு நாளில் குமரவேலுக்குக் காய்ச்சல். அடுத்து மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸில் சென்னைக்குப் போனார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். காது குத்து என்ற சொல் மருத்துவமனை முழுவதும் பரவியது. பார்க்கிற ஒவ்வொருவரும் என்னிடம், "அப்பவே சொன்னோமே சிஸ்டர்" என்றார்கள். தமிழ்ச்செல்வி போனில் பேச முடியாமல் அழுதாள். "என்னாலதான் சிஸ்டர், என் புள்ளையாலதான்" என்றாள். உன் பிள்ளை தும்மினாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். வீட்டில் யாராவது? ஒருவரும் இல்லை. காது குத்துக்கு வந்த ஊரில் ஒருவருக்கும் சளியில்லை. எங்கள் மருத்துவமனையில் மட்டும் சின்ன டாக்டரின் அலர்ஜி அதற்குள் இரண்டு நர்ஸ்களுக்கும் ஒரு வார்டு பாய்க்கும் பரவியிருந்தது. அலர்ஜி இப்படிப் பரவும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

குமரவேல் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஊதும் எண் ஒரு படி இறங்கியது, இறங்கியது இன்றுவரை ஏறவில்லை. முன்பு ஒரே மூச்சில் பேசிய வாக்கியத்தை இப்போது நடுவில் நிறுத்தித்தான் பேசுகிறார்.

சின்ன டாக்டர் சென்னை போய் அவர் கட்டிலருகில் நின்றார், இந்தத் தடவை மாஸ்க் மூக்குக்கு மேலே இருந்தது. அவருக்கு உண்மை தெரியும், முகத்தில் ரத்தமில்லை. ஆனால் வாய் பழக்கத்தில் பழைய பாட்டையே பாடிவிட்டது.

"காது குத்துக்குப் போனதை நெனச்சு இப்ப வருத்தப்படுறீங்களா?"

குமரவேல் ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு, மூச்சைச் சேர்த்துக்கொண்டு பதில் சொன்னார். "இல்லீங்க சார். ஆஸ்பத்திரிக்கு வந்ததை நெனச்சாத்தான் கொஞ்சம் வருத்தமா இருக்கு."

சின்ன டாக்டரை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். அவர் அங்கேயே கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து அவர் லேசாகத் தும்மினால்கூட லீவு போடுகிறார், அதனால் உங்களில் சிலருக்கு அதிக டூட்டி விழுகிறது என்று கேள்விப்பட்டேன். முணுமுணுக்காமல் பாருங்கள்.

படம் இப்போது குமரவேல் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, சந்தன மாலை இல்லாமல். வருகிறவர்களிடம் அவரே காட்டி, "இந்தாளு என் எடத்துல ஒக்காரப் பாத்தான்" என்று சொல்லிச் சிரிக்கிறாராம். வளர்மதி வாழைப்பழத்தை வேக வைப்பதை நிறுத்திவிட்டார். வருகிறவர்களும் படலோடு நின்றுவிடாமல் ஜன்னலுக்குக் கிட்டே போய் அவரிடமே பேசுகிறார்கள். தமிழ்ச்செல்விக்கு இரண்டாவதாகப் பையன் பிறந்திருக்கிறான். தை மாதத்தில் அவனுக்குக் காது குத்து.

ஆகையால் குமரவேல் உங்களிடம் வருவார். முன்பைவிடக் குறைந்த மூச்சோடு, அதே கேள்வியைக் கேட்பார். ஊதும் எண்ணைப் பார்த்தால் உங்களுக்குப் பயம் வரும், வர வேண்டும். உடனே என்னைப் போனில் கூப்பிடத் தோன்றும், கூப்பிடாதீர்கள். கூட வண்டியில் ஏறிப் போங்கள். முதலில் பையனின் மூக்கைப் பாருங்கள். அதற்கும் முன்னால் உங்கள் மூக்கைப் பாருங்கள். இரண்டும் ஒழுகவில்லை என்றால், அந்த மனிதரை நாற்காலியில் உட்கார விடுங்கள்.